பிடி நடந்த எல்லை

சென்னையிலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் போகிறவர்களில் பெரும்பாலோர் திருவாலங்காடு ஸ்டேஷன் வரும் சமயத்தில் மூட்டை முடிச்சுகளைச் சரி பார்த்துக் கொண்டிருப்பார்கள். அரக்கோணம் நெருங்கி விட்டதல்லவா? வேகமாகப் போகும் வண்டிகள் அந்த ஸ்டேஷனை மதித்து நிற்பதும் இல்லை. ஊரோ ஸ்டேஷனிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருக்கிறது.

பக்தர்களுக்கு மட்டும் அந்த ஊரின் மகிமை தெரியும். நடராஜப் பெருமான் காளியோடு போட்டியிட்டு, ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடி வென்ற தலம் அது. ஐந்து சபைகளில் இரத்தின சபை. காரைக்கால் அம்மையார், பெருமான் ஆடிய மண்ணில் கால் படலாகாது என்று தலையால் நடந்து வந்து சேர்ந்த இடம். இவையெல்லாம் புராணம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது காளியின் நடனத்தைப் பற்றியல்ல; ஒரு பெண் யானையின் நடையைப் பற்றி. அதற்குச் சாட்சி செம்பிலே இருக்கிறது.

1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டில் ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளிச்சத்துக்கு வந்தது. மொத்தம் 31 ஏடுகள். பனையோலைச் சுவடியைக் கயிற்றில் கோப்பது போல, இந்தச் செம்புத் தகடுகளைக் கனத்த வளையம் ஒன்றில் கோத்து, வளையத்தின் வாயை முத்திரை வைத்து மூடியிருந்தார்கள். முத்திரையில் சோழனுடைய புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாண்டியனுடைய கயல்கள் இரண்டு. சேரனுடைய வில்லும் உண்டு. மேலே குடை, சாமரம். இரு புறமும் விளக்குகள். இராஜேந்திர சோழனுடைய ஆணையானது மற்ற மன்னர்களுடைய கிரீட வரிசைகளின் இரத்தினங்கள் மேல் அமர்ந்திருக்கிறது என்ற கருத்தில் சுற்றிலும் ஒரு வடமொழி வாசகம். அடக்கம் என்ற குணத்தை அந்தக் காலத்து அரசர்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை போலும்!

ஹெச். கிருஷ்ண சாஸ்திரி இந்த ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தார். 1920-இல் 'தென்னிந்திய சாஸனங்கள்' என்ற வரிசையின் மூன்றாவது தொகுதியில் அவை அச்சேறின. இப்போது ஏடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படித்துப் பார்த்தால், ஒரே வளையத்துக்குள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். முதல் பத்து ஏடுகளில் பேசுகிறவர் கவி. நாராயணன் என்று பெயர். வடமொழிச் சுலோகங்களில் சூரியனிலிருந்து ஆரம்பித்துச் சோழ வம்சத்தைக் கொண்டு வந்து இராஜேந்திரனிடம் நிறுத்துகிறார். பின்னால் வரும் ஏடுகளில் பேசுகிறவர் குமாஸ்தா. அவருக்கு வம்சமும் வேண்டாம், வர்ணனையும் வேண்டாம். எந்த ஊர், எந்த நாட்டில், யாரிடமிருந்து யாருக்கு, எல்லை எது, வரி எது, கையெழுத்து யாருடையது - இவ்வளவுதான். குமாஸ்தாவின் பாஷை தமிழ்.

கவியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். எனக்கு முதலில் குமாஸ்தாவைத்தான் பிடித்தது.

விஷயம் இது. இராஜேந்திரனுடைய ஆறாவது ஆட்சி ஆண்டில், அதாவது 1018 வாக்கில், திருவாலங்காட்டுக்கு அடுத்தாற்போல் உள்ள பழையனூர் என்னும் கிராமத்தைத் திருவாலங்காட்டு மகாதேவர் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அதுவரையில் அந்த ஊர் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருடைய பிரமதேயமாக இருந்தது. அந்த நிலையை நீக்கி, 'வெள்ளான் வகை'யாக மாற்றி, வரியெல்லாம் இனிமேல் கோயிலுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. ஒரு சபையாரிடமிருந்து ஒரு முழுக் கிராமத்தின் வருமானம் கை மாறுகிறது. அதற்காக அவர்கள் என்ன சொன்னார்கள், முகம் எப்படிப் போயிற்று என்பதைக் குமாஸ்தா எழுதவில்லை. எழுதுவது அவர் வேலையும் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு மட்டும் அந்த இடத்தில் பேனா நிற்கிறது.

அரசர் வாய் திறந்து சொன்னால் போதும், ஊர் கை மாறிவிடும் என்று நாம் நாடக மேடையில் பார்த்திருக்கிறோம். அப்படியல்ல. அரசர் சொன்னதை ஓலையில் எழுத ஓர் அதிகாரி. எழுதியது சரிதான் என்று ஒப்பம் இட வேறு அதிகாரிகள். வரிக் கணக்குப் புத்தகத்தில் பதிந்து கொள்ளும் போது உடனிருக்க ஒரு பட்டாளம். ஆபீஸ்களில் ஒரு காகிதம் மேஜைக்கு மேஜை நகர்வது வெள்ளைக்காரன் கொண்டு வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்தச் செப்பேட்டைக் காட்டலாம். உத்தரவு ஊருக்கு வந்த பிறகுதான் யானையின் வேலை ஆரம்பமாகிறது.

சுற்று வட்டாரத்து நாட்டாரும் பக்கத்து ஊர்க்காரர்களும் கூடி நிற்க, ஒரு பெண் யானையைக் கொண்டு வந்து கிராமத்தின் எல்லையைச் சுற்றி நடத்துவார்கள். பிடி சூழ்தல் என்று இதற்குப் பெயர். பிடி நடந்த வழி எல்லை. அந்த வழி நெடுகக் கல்லும் கள்ளியும் நாட்டுவார்கள். ஏரியின் கரை, வாய்க்கால், பக்கத்து ஊர் வயல் என்று அடையாளம் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் எல்லை திரும்புகிறது என்பதைக் குமாஸ்தா எழுதிக் கொண்டே போகிறார். நெடுந்தூரம் அவரோடு நடந்தால் நமக்கே கால் வலிக்கிறது!

யானை எதற்கு? அளவுகோல் இல்லாத குறையா? இல்லவே இல்லை. வேலி, மா, காணி, முந்திரிகை என்று நிலத்தைப் பொடிப் பொடியாகக் கணக்கிட்டவர்கள் சோழர்கள். எனக்குத் தோன்றுவது இது: ஓலையில் எழுதியதை ஊரில் பத்துப் பேர் படிப்பார்கள். யானை நடந்ததை ஊரே பார்க்கும். இடுப்பிலிருந்து இறங்காத குழந்தை முதல் கண் மங்கிய கிழவி வரையில், 'அன்றைக்கு யானை இந்தப் புளிய மரத்துக்கு அந்தப் பக்கமாகத்தான் போயிற்று' என்று சொல்ல முடியும். ஐம்பது வருஷம் கழித்துப் பக்கத்து ஊரான் வரப்பைத் தள்ளிப் போட்டால், குழந்தையாய் இருந்து பார்த்தவன் கிழவனாய் வந்து சாட்சி சொல்வான்.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட வேண்டாம். சீமையிலும் இதே யுக்தியைக் கையாண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மாதா கோயில் வட்டாரங்களின் எல்லையைக் குறித்த நாளில் பாதிரியாரும் ஊராரும் ஊர்வலமாகச் சுற்றி வருவார்கள். கூடவே சிறுவர்களையும் அழைத்துச் செல்வார்கள். எல்லைக்கல் வந்ததும் பையனைப் பிடித்துக் கல்லில் முட்டுவது, அல்லது பிரம்பால் இரண்டு வைப்பது. வலித்த இடம் ஆயுள் உள்ளவரையில் மறக்காது என்பது சித்தாந்தம். நம் ஊரில் பையனை அடிக்காமல் யானையைக் காட்டினார்கள். இரண்டில் எது நாகரிகம் என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

கள்ளிக்கும் காரணம் உண்டு. ஒடித்து நட்டால் வேர் பிடித்துக் கொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆடு வாய் வைக்காது. பால் பட்டால் கண் போகும் என்ற பயத்தில் எவனும் இரவோடு இரவாகப் பிடுங்கி வேறிடத்தில் நடவும் துணிய மாட்டான். கல்லையாவது தூக்கிக் கொண்டு போகலாம். இந்தக் கள்ளியை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இன்னொரு காரியத்துக்கு வரப் போகிறது.

எல்லை விவகாரம் இந்தப் பிரதேசத்தை விடவில்லை என்பது வேடிக்கை. 1911-இல் சித்தூர் ஜில்லா என்று ஒன்று உண்டான போது இந்தப் பகுதி அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்த போது ஜில்லாவோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தார்கள்; படாஸ்கர் நடுவராக இருந்து 1957-இல் தீர்ப்பளித்தார்; 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம். இத்தனை எல்லை மாற்றத்துக்கும் ஒரு யானையாவது நடக்கவில்லை. காகிதம் நடந்தது.

யானை நடந்து முடிந்ததும் வரிப் பட்டியல். இத்தகைய சோழச் செப்பேடுகளில் வழக்கமாக வரும் வரிகளின் பெயர்களைப் படித்தால் ஒரு கிராமத்தின் காலைப் பொழுது முழுவதும் கண் முன் வரும். கலியாணம் செய்தால் கண்ணாலக் காணம். வண்ணான் துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப் பாறை. குயவனுக்குக் குசக்காணம். தட்டானுக்குத் தட்டாரப் பாட்டம். தறிக்குத் தறிப்புடவை. நல்ல பசு, நல்ல எருது, ஓடக்கூலி, தரகு - ஒன்றையும் விடவில்லை. இன்னொரு பக்கம் உரிமைகளின் பட்டியல். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டிக் கொள்ளலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், மருக்கொழுந்து நடலாம். ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். செங்கல் சுட்டு வீடு கட்டுவதற்கும் மருக்கொழுந்துப் பாத்தி போடுவதற்கும் செம்பில் வெட்டின அனுமதி வேண்டியிருந்தது என்றால், அனுமதி இல்லாத மற்ற ஊர்களில் ஜனங்கள் மண்சுவரோடும் வாசனை இல்லாமலும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? பொற்காலம் என்று நாம் எழுதும் போது இதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொள்வது நல்லது.

இனிக் கவியிடம் வருவோம்.

நாராயண கவிக்குக் கற்பனைப் பஞ்சம் இல்லை. கோச்செங்கணான் முற்பிறப்பில் சிலந்தியாக இருந்து சிவபக்தியால் சோழனாகப் பிறந்தான் என்பதை, மற்ற அரசர்களின் பராக்கிரமத்தைச் சொல்லும் அதே கம்பீரத்துடன் சொல்லிக் கொண்டு போகிறார். ராஜ முத்திரை வைத்த அரசாங்கப் பத்திரத்தில், அரசரின் மூதாதையர் ஒருவர் சிலந்தி என்று எழுதியதை அரசரும் ஆட்சேபிக்கவில்லை! விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததைச் சொல்லும் போது, தன் மனைவியின் கையைப் பற்றுவது போல விளையாட்டாகப் பற்றினான் என்கிறார். கங்கைப் படையெடுப்பில், வழியிலுள்ள ஆறுகளில் யானைகளை வரிசையாக நிறுத்தி, அந்தப் பாலத்தின் மேல் சேனை கடந்தது என்கிறார். தோற்ற அரசர்கள் கங்கை நீரைத் தலையில் சுமந்து வர, இராஜேந்திரன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டானாம். அந்த நீரைக் கொண்டு வந்து சோழகங்கம் என்னும் ஏரியில் சேர்த்ததைத் தண்ணீராலான ஜயஸ்தம்பம் என்று வர்ணிக்கிறார். உலகத்தில் எத்தனையோ அரசர்கள் வெற்றித் தூண் நாட்டியிருக்கிறார்கள். ரோமாபுரியில் டிரேஜன் சக்கரவர்த்தி நாட்டிய சலவைக்கல் தூண் இன்னும் நிற்கிறது. ஆனால் நிற்காத பொருளால் தூண் நாட்டியவன் நம்மவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தூணால் வயல் விளைந்தது என்பது கூடுதல் விசேஷம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ப் பகுதியின் உத்தரவு ஆறாம் ஆண்டைச் சேர்ந்தது. கங்கைப் படையெடுப்போ 1022, 1023-ஐ ஒட்டியது. கடல் கடந்து கடாரம் வென்றது 1025 வாக்கில். அதையும் கவி பாடுகிறார். ஏழு வருஷம் கழித்து நடக்கப் போவதை 1018-இல் எப்படிப் பாடினார்? தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை. உத்தரவு முன்னே, வடமொழிப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஊர் கை மாறி, யானை நடந்து, வரி வசூலாகிப் பல வருஷங்கள் கழித்துத்தான் கவி வந்து முகவுரை எழுதியிருக்கிறார். புத்தகத்துக்கு முன்னுரை தாமதமாக வருவது நம் காலத்து எழுத்தாளர்களுக்கு மட்டும் நேர்ந்த கஷ்டம் அல்ல.

ஆனால் முன்னுரை எழுதுகிறவர்கள் சில சமயம் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

சுந்தர சோழனுடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலன். வீரபாண்டியனுடைய தலையைக் கொண்டவன். இளம் வயதில் மாண்டான். எப்படி மாண்டான்? நாராயண கவி சொல்லும் காரணம்: சுவர்க்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு உண்டாயிற்று, மறைந்து போனான். அவ்வளவுதான். ஏதோ காசி யாத்திரை போனது போல! அடுத்தாற்போல, பிரஜைகள் அருள்மொழிவர்மனிடம் வந்து அரசை ஏற்கும்படி வேண்டுகிறார்கள். சிற்றப்பன் முறையான உத்தமனுக்கு நாட்டின் மேல் ஆசை உள்ளவரையில் தன் மனத்தாலும் அதை விரும்ப மாட்டேன் என்று அருள்மொழி ஒதுங்குகிறான். கல்கி 1950 முதல் 1954 வரை தம் பத்திரிகையில் எழுதிய 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு இந்த இடம் சொல்லாமலே தெரியும். அந்தப் பெருங்கதையின் முடிச்சு இந்தச் செப்பேட்டில்தான் இருக்கிறது.

இப்போது தெற்கே, காட்டுமன்னார்கோயிலுக்குப் போவோம். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. இராஜராஜனுடைய இரண்டாவது ஆண்டு. அதாவது 987-ஐ ஒட்டியது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது: சோமன், இரவிதாசன், பரமேசுவரன். அவர்களுடைய நிலம் மட்டுமல்ல, உறவினர்களுடைய நிலமும் பறிமுதல். அங்கே சுவர்க்கத்தைப் பார்க்கும் ஆசை எதுவும் இல்லை.

ஒரே வம்சம். ஒரே மரணம். பத்திரம் மட்டும் இரண்டு. கவி மறைத்ததைக் கல் வெட்டுகிறவன் போட்டு உடைத்து விட்டான். ஏன் இந்த வித்தியாசம்? நிலத்தைப் பறிப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஆகையால் உடையார்குடியில் கொலையைக் கொலை என்று எழுத வேண்டியிருந்தது. கோயிலுக்கு ஊர் கொடுக்கும் மங்களகரமான பத்திரத்தில் அந்தப் பேச்சு எதற்கு?

கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. உத்தம சோழன் அதற்குப் பிறகு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். துரோகிகளின் சொத்தைப் பறிக்கும் உத்தரவோ இராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் கல்லில் ஏறியிருக்கிறது. இதைக் கொண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன் மேல் சந்தேகப்பட்டார், மறுத்தவர்களும் உண்டு. என் சொந்த அபிப்பிராயம், குற்றவாளி யார் என்பதை இந்த இரண்டு பத்திரங்களிலிருந்து தீர்மானிக்க முடியாது என்பதுதான். ஆனால் ஒன்று சொல்லலாம். நாராயண கவி பாடியது இராஜராஜனுடைய மகன் முன்னிலையில். அப்படிப்பட்ட சபையில், 'அவனுக்கு ஆசை உள்ளவரையில்' என்று உத்தமனைப் பற்றி ஒரு வார்த்தையை மெதுவாக வைத்தாரே, அது குத்தலா, பெருந்தன்மையா? இரண்டும்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இடையில் ஒரு விஷயம். செப்பேடுகள் இருக்கும் அதே சென்னை அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலச் சிலையும் இருக்கிறது. திருவாசி இல்லை, ஆனாலும் ஆட்டத்தில் குறைவில்லை. பிரான்ஸ் தேசத்துப் பெரிய சிற்பி ரோடின் இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து மெய்ம்மறந்து ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் காலமானார். கட்டுரை 1921-இல் பாரிஸில் வெளியாயிற்று. இந்தியாவுக்கு வராதவர், படத்தைப் பார்த்தே எழுதினார்!

இனிப் பழையனூர். யானை நடந்த ஊர் அது என்பது செப்பேட்டைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் மற்ற எல்லாருக்கும் அது நீலியின் ஊர்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சாரம் இது. முற்பிறப்பில் கணவனால் கொலையுண்டவள், பேயாகி, வணிகனாய்ப் பிறந்திருக்கும் அவனைத் தொடர்ந்து வருகிறாள். அவனிடம் காவலாக ஒரு கத்தி இருக்கிறது. அது இருக்கும்வரையில் நெருங்க முடியாது. பழையனூரில் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த சபையில் வந்து அழுகிறாள்: 'ஐயா, இவர் என் புருஷர். என்னையும் குழந்தையையும் கைவிட்டுப் போகிறார்.' வணிகன் நடுங்கிப் போய், 'இவள் என் மனைவி அல்ல, பேய்!' என்கிறான். சபையார் என்ன செய்வார்கள்? குழந்தையை இறக்கி விடச் சொல்கிறார்கள். குழந்தை நேராகப் போய் அவன் மடியில் ஏறி, அப்பா என்கிறது.

நான் அந்தச் சபையில் இருந்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களும் அப்படித்தான். பேயென்று அலறும் ஆண்பிள்ளையை நம்புவதா, அப்பா என்று ஓடும் குழந்தையை நம்புவதா? கத்தியை வாங்கி வைத்துக் கொண்டு, அவளோடு ஓர் அறையில் இராத் தங்கும்படி அவனுக்குச் சொன்னார்கள். அவன் கெஞ்சியபோது, 'உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் பிணை' என்றார்கள். பொழுது விடிந்தது. வணிகன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீ மூட்டி இறங்கி விட்டார்கள்.

அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரசன் உத்தரவு இல்லை. பிணைப் பத்திரம் எழுதி யாரும் ஒப்பம் இடவில்லை. செத்தவன் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன். அவனுக்காகக் கேட்க வந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கணக்கு ஒன்றே. தப்பான தீர்ப்புக்கு நீதிபதியே தண்டனை ஏற்ற வழக்குகள் மிகச் சொற்பம். மதுரைப் பாண்டியன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். அவன் உயிர் தானாகப் போயிற்று. இவர்கள் நடந்து போய் நெருப்பில் இறங்கினார்கள்.

இது பிற்காலத்துக் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. கதை எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு விஷயம். அது பழையது என்பதில் சந்தேகம் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞான சம்பந்தர், திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தியையும், அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரையும் குறிப்பிடுகிறார். அம்மையார் தலையால் நடந்த தலத்தை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் பழையனூரிலேயே தங்கினார் என்றும், கனவில் பெருமான் வந்து நம்மைப் பாட மறந்தனையோ என்று கேட்டார் என்றும் சேக்கிழார் சொல்வார். கனவு கலைந்து எழுந்த பிள்ளையார் பாட ஆரம்பித்தபோது, படுத்திருந்த ஊரின் துக்கம் பெருமானுக்கு முன்னால் வந்து நின்று விட்டது!

ஆகவே 1018-இல் பிடி நடந்த சமயத்தில் நீலி கதைக்கு வயது முந்நூறுக்கு மேல். எல்லையைப் பார்க்கக் கூடி நின்றவர்களில் கதை தெரியாதவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஊர் 'வெள்ளான் வகை' ஆகிறது என்று குமாஸ்தா எழுதியபோது, நெருப்பில் இறங்கிய அந்த வேளாளரின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக் கொள்கிறவர்கள் பக்கத்தில் நின்றிருக்கலாம். குமாஸ்தா அதை எழுதவில்லை. நாராயண கவியும் எழுதவில்லை. சிலந்திக்கு இடம் இருந்த அவருடைய சுலோகங்களில் எழுபது பேருக்கு இடம் இல்லை. அவர்கள் சோழ குலம் அல்லவே!

நீலி இடுப்பில் ஏந்தி வந்த குழந்தை எது என்று நான் சொல்லவில்லை. வழியில் ஒடித்த ஒரு கள்ளிக் கிளை. அதைத்தான் அவள் குழந்தையாக்கிக் கொண்டு வந்து சபை நடுவில் இறக்கி விட்டாள். அந்த ஊரின் எல்லை நெடுகத்தான் இராஜேந்திரனுடைய அதிகாரிகள், இனி ஒரு தகராறும் வரக்கூடாதென்று, யானைக்குப் பின்னாலேயே கள்ளியை ஒடித்து நட்டுக் கொண்டு போனார்கள்.